கதவுக் குடுமியிலிருந்து கணினித் திரைக்கு

ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி யானைமலை அடிவாரத்துக்குப் போனால் நரசிங்கப் பெருமாள் குடைவரை வரும். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770-இல் எடுத்த கோயில் அது. இப்படிப்பட்ட பழைய கோயில்களுக்குப் போகும்போது பெரிய மரக்கதவுகளின் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்துக் கதவு தொங்காது, நிற்கும். ஓரக்கட்டை மேலும் கீழும் முளைபோல நீண்டு, கல்லில் தோண்டிய குழிக்குள் உட்கார்ந்து சுழலும். அந்த முளைக்குத் தமிழில் குடுமி என்று பெயர்.

கிழக்கே இப்படியென்றால் மேற்கேயும் அப்படித்தான். கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் அசிரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசர் பலவாத் என்ற ஊரில் நிறுத்திய பெருங்கதவுகளும் கல்குழியில்தான் சுழன்றன. அவற்றின் வெண்கலப் பட்டைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிறகு இரும்புக் கீல் வந்தது. நம் உடம்பின் மூட்டுக்கும் கீல் என்றுதான் பெயர். கீல்வாதம் என்ற சொல் அதிலிருந்து வந்தது. முழங்கை மடங்கும், ஆனால் கழன்று விழாது. திரும்பவிடு, விலகவிடாதே என்பதுதான் கீலின் வேலை.

வீட்டு வாசலில் கிடந்த இந்தச் சாமானைப் பாலத்தின் நடுவே கொண்டுபோய் வைத்ததில் பெரிய பங்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹைன்ரிச் கெர்பருக்கு உண்டு. அவர் காலத்தில் ஒரே நீள பீமை மூன்று நான்கு தூண்கள்மேல் கிடத்தினால் ஒரு தொல்லை இருந்தது. ஆற்று மணலில் ஒரு தூண் விரற்கடை இறங்கினாலும் பீம் முழுவதிலும் விசைகள் மாறிவிடும். அதைக் கையால் கணக்குப் போடுவதும் பெரும்பாடு. கெர்பர் பீமைத் தானே பார்த்துச் சில இடங்களில் வெட்டி, அங்கே கீல் வைத்தார். கீல் இருக்கும் இடத்தில் பீமை வளைக்கும் திருப்பம், அதாவது பொறியாளர்கள் மொமென்ட் என்பது, பூஜ்யம். அது முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் மிச்சக் கணக்கு பென்சிலுக்கு அடங்கியது. தூண் சற்று இறங்கினாலும் பாலம் அதற்கேற்ப மடங்கிக்கொடுத்தது. 1866-இல் காப்புரிமை வாங்கினார், மறுவருடமே மைன் ஆற்றின் குறுக்கே ஹாஸ்ஃபுர்ட்டில் பாலம் எழுந்தது. உறுதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கணக்கில் தெளிவை வாங்கிய இந்த யோசனை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

அதே வழியில் நடந்தவர்கள் வரிசையாக வந்தார்கள். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு விழுந்தபின், ஃபோர்த் பாலத்தைக் கட்ட வந்தவர்கள் மக்களின் பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. 1887-இல் இரண்டு பேரை நாற்காலியில் கை நீட்டி உட்காரவைத்து, அவர்கள் தாங்கிய பலகையில் நடுவே ஒருவரை அமர்த்திப் படம் எடுத்துக் காட்டினார்கள். நடுவில் இருந்தவர் கைச்சி வத்தனபே, அங்கே பயின்ற ஜப்பானியப் பொறியாளர். இரண்டு கைகளில் தொங்கும் நடுப்பாலம் அவர்தான். 1890-இல் திறந்த அந்தப் பாலத்தின் உறவுக்காரர் நம் நாட்டிலும் இருக்கிறார்: 1943-இல் திறந்த கல்கத்தா ஹவுரா பாலம். 457 மீட்டர் இடைவெளியில் நடு 172 மீட்டர் இருபுறக் கைகளிலிருந்து தொங்குகிறது.

1914-ஐ மட்டும் தனியே சொல்ல வேண்டும். அந்த வருடம் பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கிக்கொண்ட அதன் ஷெர்சர் வகைக் கரங்கள் நிலையான அச்சில் திரும்பவில்லை. சாய்ந்தாடும் நாற்காலிபோலப் பின்னோக்கி உருண்டு எழும்பின. அதே வருடம் ஹங்கேரியில் காபோர் கசின்ச்சி, இறுகக் கட்டிய இரும்பு பீம்களில் பாரம் ஏற்றிக்கொண்டே போனால் தாங்கமுடியாத இடத்தில் பீம் தானே கீலாக மடங்கத் தொடங்குவதைச் சோதனையில் காட்டினார். நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படித் தாங்கும் என்று இன்று கணக்கிடுவோர் இந்தத் தானாகப் பிறக்கும் கீல்களைத்தான் எண்ணுகிறார்கள்.

1956-இல் போயிங் விமானத்தின் சிறகுக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் எழுதிய கட்டுரை, பெரிய அமைப்பைச் சிறு துண்டுகளாக்கிக் கணினியில் தீர்க்கும் வழியைத் திறந்தது. ரே கிளஃப் 1960-இல் அதற்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர் வைத்தார். கெர்பர் பயந்த கணக்கு இப்போது கணினிக்கு நொடிப் பொழுது வேலை. ஆனால் கணினிக்குக் கீல் தெரியாது. இரண்டு பீம்களை ஒரே புள்ளியில் சேர்த்தால் அவற்றை வெல்டு வைத்ததுபோல் இறுக ஒட்டிவிடும். கீல் வேண்டுமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு இரண்டு வழி. நம் ஊர் மாணவர்கள் பழகும் ஸ்டாட் ப்ரோ மென்பொருளில் மெம்பர் ரிலீஸ் கொடுத்து, பீமின் முனையில் அந்தத் திருப்பத்தை மட்டும் விடுவிப்பது ஒன்று. ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் வைத்து, நகர்வை மட்டும் இணைத்துச் சுழற்சியை விட்டுவிடுவது இன்னொன்று. இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். மூன்று பீம்கள் சேரும் புள்ளியில் மூன்றின் முனையையும் விடுவித்தால், புள்ளி எதிலும் பிடிப்பில்லாமல் சுழன்று, நிலையில்லை என்று எச்சரிக்கை வரும். இரண்டை விடுவித்தால் போதும். முறுக்கையும் இரு முனைகளில் விடுவித்துவிட்டால் பீம் சப்பாத்திக் கட்டைபோலத் தன்னச்சில் உருளும். கீல் சொல்ல மறப்பது இன்னும் மோசம், எச்சரிக்கையே வராது. சீரான பாரம் தாங்கும் ஒரு பீமின் இரு முனைகளும் கீலாக இருந்தால், இறுகக் கட்டிய பீமைவிட நடுவில் ஐந்து மடங்கு தொய்யும். நடு மொமென்ட் மூன்று மடங்கு. வித்தியாசம் அவ்வளவு பெரிது.

கணினி சரியாகச் சொன்னாலும் கீல் தேயும். பாட்னாவில் கங்கை மீது 1982-இல் திறந்த, ஐந்தரை கிலோமீட்டர் நீள மகாத்மா காந்தி சேதுவில் தூண்களிலிருந்து நீண்ட கான்கிரீட் கைகள் நடுவில் கீல்களால் இணைந்திருந்தன. ஆண்டுகள் போகப்போகக் கைகள் தொய்ந்தன, கீல்கள் பழுதாயின. கடைசியில் மேல்கட்டுமானம் முழுவதையும் அகற்றி எஃகுச் சட்டங்கள் வைத்தார்கள். அந்த வேலை 2022-இல் முடிந்தது.

மாதிரி வரையும் தம்பி தங்கைகளே, கணக்கு ஓடி முடிந்ததும் மொமென்ட் படத்தைத் திறந்து கீல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே பூஜ்யம் இல்லையென்றால், திரையில் இருப்பது நீங்கள் கட்டப்போகும் பாலம் இல்லை.