கல்யாணம் பண்ண அனுமதிக் கடிதம்

அக்கா மகள் படிக்கும் கல்லூரியில் போன மாதம் ஒரு வாரம் முழுக்க விவாதக் கூட்டம். திங்கள் உள்ளாட்சி, செவ்வாய் தகவல் உரிமைச் சட்டம் என்று போய், வியாழக்கிழமை வெளியுறவுப் பணி. ஐ.ஏ.எஸ்ஸுக்கு எழுதும் அதே யு.பி.எஸ்.சி. பரீட்சைதான், முசௌரியிலும் டெல்லியிலும் பயிற்சி, ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம், மூன்றாம் செயலாளரில் ஆரம்பித்துத் தூதர் வரை போகலாம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் அதே நினைப்பில் இருந்தாள். எங்கம்மா கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணம் ஆனப்புறம் நாடு நாடா எப்படிடி போவே?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கேள்வியை அரசாங்கமே சட்ட விதியாக எழுதி வைத்திருந்தது! அந்தக் கதையைத்தான் இரண்டு பேருக்கும் சொன்னேன்.

சி.பி. முத்தம்மா. குடகுக்காரர், 1924இல் விராஜ்பேட்டையில் பிறந்தவர். படித்தது நம்ம சென்னையில், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத் தேர்விலேயே, இந்த வேலை வேண்டாமே என்று மனதை மாற்றப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் செய்தால் ராஜினாமா செய்வேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே போனார்.

1961 விதிகளைப் பாருங்கள். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் கேட்கும் உரிமையே கிடையாது. ஆண்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. (ஆம்பளைக்குக் குடும்பமே இருக்காது போல!)

1970இல் முத்தம்மா ஹங்கேரிக்குத் தூதரானார். ஆனாலும் அடுத்த பதவி உயர்வில் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். விசாரித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957இல் கேரளாவில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர், தீர்ப்பும் காரமாகத்தான் எழுதுவார். மனைவியின் குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால் கணவனுடையதும் அப்படித்தானே என்று கேட்டார். அதற்குள் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வும் வந்துவிட்டது, விதிகளை நீக்குவதாக அரசும் சொல்லிவிட்டது. 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடி. ஆனால் மனுவைத்தான் தள்ளுகிறோம், பிரச்சினையை அல்ல என்ற பொருளில் ஒரு வரி எழுதி, எல்லாப் பணி விதிகளிலும் இந்த மாதிரி பாகுபாட்டைத் தேடிக் களையச் சொன்னார் நீதிபதி.

ஒரு பெண் வெளியுறவுச் செயலாளராக 2001 வரை ஆனது. சொக்கிலா ஐயர்தான் முதல்வர்.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்தம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?" என்றார்.

"இல்லம்மா."

"விதி போனப்போ என்ன வயசு?"

"55."

அம்மா அப்புறம் ஒண்ணும் கேட்கலை. எழுந்து உள்ளே போய்ட்டாங்க.

நேத்து மருமகள் போன் பண்ணினாள். "மாமா, பிரெஞ்சு எடுக்கவா, ஜப்பானிய மொழி எடுக்கவா?" முதல்ல பிரிலிமினரி எழுதும்மா, மொழியை அவங்களே குடுப்பாங்கன்னு சொல்லி வெச்சேன் :-)