ஒன்ஸ்மோர்: நாடகத்தை நிறுத்திய பாடல்கள்

ஒரு பாடலை மீண்டும் கேட்க விரும்பும் ஆங்கிலேய ரசிகர் 'ஆன்கோர்' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கூவுவார். பிரெஞ்சு ரசிகரோ 'பிஸ்' என்ற இலத்தீன் சொல்லைக் கூவுவார். தமிழ், கன்னட, மராத்தி நாடகக் கொட்டகைகளில் ஒலித்தது 'ஒன்ஸ்மோர்'. ஆங்கிலேயர் அரங்கில் அதிகம் வழங்காத ஓர் ஆங்கிலத் தொடர் இங்கே கலைச்சொல்லாகவே நிலைபெற்றது. மூன்று மொழிகளும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 1880இல் புனேயில் அரங்கேறிய அண்ணாசாகேப் கிர்லோஸ்கரின் 'சங்கீத சாகுந்தலம்', அதையொட்டிய ஆண்டுகளில் மைசூர் அரண்மனை ஆதரவில் பசவப்ப சாஸ்திரி கன்னடத்தில் தந்த 'சாகுந்தலம்', தமிழில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய இசை நாடகங்கள் ஆகியவை அனைத்தும் பாடலையே உச்சமாகக் கொண்டவை.

தமிழில் இவ்வழக்கம் வேரூன்றியதற்கு ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே துணைசெய்தது. நிலையான குழுவோ, ஒத்திகையோ இல்லை. நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு மேடையிலேயே சந்தித்தனர். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடியும் வரை நீளும். ஆகவே ஒரே பாடலை மூன்று முறை பாடினாலும் கதை கெடுவதில்லை. எல்லோரும் அறிந்த 'வள்ளி திருமணம்' கதையில் அடுத்து என்ன நிகழும் என்ற ஆவலுக்கு இடமில்லை. அடுத்த முறை எப்படிப் பாடுவார் என்பதே ஆவல். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த 1920களின் பிற்பகுதியில் இந்த ஆவல் உச்சத்தை அடைந்தது. ஆர்மோனியத்தில் கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் இருந்தார். 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை வசனத்தை முன்னிறுத்தியதை இப்பின்னணியில் காண வேண்டும். அவர் சுருக்க முயன்றது பாடலை மட்டுமன்று. நாடகத்தின் போக்கில் பார்வையாளருக்கு இருந்த அதிகாரத்தையும் சேர்த்தே.

அந்த அதிகாரத்தை அரசுகள் கவனிக்காமல் இல்லை. 1786இல் வியன்னாவில் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' மறுபாடல் கோரிக்கைகளால் நீண்டுபோகவே, பலர் சேர்ந்து பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடலாகாது எனப் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டார். அவருடைய கவலை நேரம் பற்றியது. தமிழ்நாட்டில் காலனிய அரசின் கவலை வேறு.

வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் பறவைகளை விரட்டும் பாடல் இடம்பெறுவது மரபு. அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) ஒரு வெள்ளைக் கொக்கைப் பறக்கவிட்டார். அது எந்த வெள்ளை என்று கொட்டகையில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ் (1886–1940) முருகன் வேடத்தில் அப்பாடலைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். மருத்துவர் குலத்தவர் என்பதால் அவருடன் நடிக்கச் சிலர் மறுத்த காலம் அது. ஆயினும் ஒன்ஸ்மோர் கேட்ட கூட்டம் அவரை விடவில்லை. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒரு நாடகத்தைத் தடைசெய்ய வல்லது. ஆனால் புராணக் கதை குற்றமற்றது; குற்றம் அன்றிரவு இடையே நுழைந்த பாடலில் இருந்தது. அதை மீண்டும் பாடச் சொன்னவர்களோ கொட்டகை நிறைந்த மக்கள். ஒருவர் பாடினால் கைது செய்யலாம். கேட்டவர் அனைவரையும் என்ன செய்வது? 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்திலேயே, மேடையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது.

இன்று நம் கையில் இருப்பவை இரண்டு: அச்சிட்ட நாடக நூல்கள், பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும் 78 சுழற்சி இசைத்தட்டுகள். நூலில் இடையே நுழைந்த பாடல் இல்லை. தட்டில் கூட்டத்தின் குரல் இல்லை. இவ்விரண்டை மட்டும் கொண்டு தமிழ் நாடக வரலாற்றை எழுதினால் ஆசிரியரும் பாடகரும் எஞ்சுவர். நாடகத்தை நிறுத்தி வைத்தவர்கள் காணாமற்போவர். காவல்துறைக் குறிப்புகள், நாடக நோட்டீசுகள், நடிகர்களின் நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றை இலக்கியச் சான்றுகளுக்கு இணையாக வைத்துப் படிக்க வேண்டியதன் தேவை இதுவே. 'ஒன்ஸ்மோர்' என்று கூவியவரும் அந்நாடகத்தின் ஆசிரியருள் ஒருவர்.