முன்பணமும் மூன்று மாதச் சிறையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதை தொடங்குமிடமான அடிவாரம், மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பு, பயணத்தின் பாரம் மனிதத் தோள்களுக்கு மாறிய இடமாகும். சேர்வராயன் மலையின் குளிர்ச்சியை நாடிச் சென்ற ஐரோப்பியர் குதிரை மீதேறியோ, பல்லக்கிலும் நாற்காலியிலும் சுமக்கப்பட்டோ மேலே சென்றனர். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இத்தகைய சுமைகாரரை மறக்கவில்லை. ஒருவரைச் சுமந்து செல்ல ஒப்பந்தம் செய்துகொண்டவர் பயணத்தின் நடுவே வேண்டுமென்றே விட்டுச் செல்வதை அதன் 490-ஆம் பிரிவு குற்றமாக்கி, ஒரு மாதம் வரை சிறையோ நூறு ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளித்தது. அப்பிரிவின் விளக்க எடுத்துக்காட்டுகளில் ஒன்று, பாதிவழியில் ஓடிவிடும் பல்லக்குத் தூக்கியைப் பற்றியது.

மலைமேல் இருந்த தேவையோ இதைவிடப் பெரிது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய பின்னர், தோட்டங்கள் பெருகப் பெருக ஆள் தேவையும் பெருகியது. மலையின் பழங்குடியினரான மலையாளிகள், அதாவது கேரளத்தோடு தொடர்பில்லாமல் மலையை ஆள்பவர் என்ற பொருளில் அப்பெயரைப் பெற்றவர்கள், சாமை, தினை போன்றவற்றைத் தாமே பயிரிட்டு வாழ்ந்தமையால், ஆண்டு முழுவதும் பிறர் தோட்டத்தில் உழைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தென்னிந்தியத் தோட்டங்கள் இக்குறையைச் சமவெளியிலிருந்து ஆள் திரட்டியே நிரப்பின. ஆள் திரட்டியவர் மேஸ்திரி. அவர் கையில் இருந்த கருவி முன்பணம், அதாவது கூலி ஈட்டுமுன்பே குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் உழைப்பால் கழிக்கப்பட வேண்டிய கடன்.

இக்கடனைக் குற்றமாக மாற்றியது 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம். கல்கத்தா வணிகர்களின் முறையீட்டின் விளைவாகப் பிறந்து, முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாணத் தலைநகரங்களின் கைவினைஞரையும் வேலைக்காரரையும் கருதி எழுதப்பட்ட இச்சட்டம், அரசு அறிவிப்புகளின் வழியாகப் பிற பகுதிகளுக்கும் விரிந்து, தோட்ட முதலாளிகளின் கைக்கருவியாயிற்று. முன்பணம் பெற்ற தொழிலாளி தக்க காரணமின்றி வேலை செய்ய மறுத்தால், முதலாளியின் விருப்பப்படி, பணத்தைத் திருப்பித் தரும்படியோ வேலையைச் செய்து முடிக்கும்படியோ மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலியைத் தராத முதலாளிக்கு அதே சட்டத்தில் சிறை இல்லை. இந்த ஒருபக்கச் சாய்வைக் கவனித்தால், மாஜிஸ்திரேட் மேஸ்திரிக்கும் மேலான மேஸ்திரியாக நியமிக்கப்பட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது. இத்தண்டனைகள் நடப்பில் இருந்த காலத்திலேயே, ஏற்காட்டுச் சாலை கடந்து செல்லும் அஸ்தம்பட்டியில் உள்ள சேலம் மத்தியச் சிறை 1862-இல் தொடங்கப்பட்டது. 1950 பிப்ரவரி 11-இல் அங்கே கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் முன்பண வழக்குகளின் சிறு தண்டனைகளுக்கு அத்தகைய நினைவுநாள் எங்கும் அமையவில்லை.

தமிழ் அறநூல் மரபு தண்டனையை வேறு விதமாகவே வரையறுத்திருந்தது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் ஆராய்ந்து, ஒரு பக்கம் சாயாமல் முறை செய்வதை அரசின் கடமையாக்குகிறது. வெருவந்த செய்யாமை அதிகாரம் குற்றம் மீண்டும் நிகழாதபடியும் குற்றத்துக்கு ஒத்த அளவிலும் ஒறுக்கச் சொல்கிறது. ஐரோப்பியச் சிந்தனையும் இவ்விடத்தில் தெளிவாகவே இருந்தது: தண்டனைச் சட்டத்தின் 1837-ஆம் ஆண்டு வரைவை ஆக்கிய மெக்காலேயின் குழு, ஒப்பந்த மீறல் பொதுவாக உரிமையியல் வழக்குக்கு உரியதே ஒழியக் குற்றம் ஆகாது என்ற கொள்கையை ஏற்று, சில விதிவிலக்குகளை மட்டுமே அனுமதித்தது. 1859-ஆம் ஆண்டுச் சட்டமோ, நடந்துவிட்ட தவறுக்கு ஈடாகவோ இனி நடக்கவிருப்பதைத் தடுப்பதற்காகவோ அல்லாமல், ஓடியவரைப் பாத்திக்குத் திரும்பக் கொண்டுவருவதற்காகத் தண்டனையைப் பயன்படுத்தியது; விலகிச் செல்லும் உரிமையைப் பறித்ததே அதன் உண்மையான தண்டனை. இங்கிலாந்து தன் தொழிலாளரை இத்தகைய குற்றவியல் பிடியிலிருந்து 1875-லேயே விடுவித்த பின்னரும், இந்தியாவில் அது நீடித்தது மட்டுமன்றி, 1903-இல் சென்னை மாகாணம் தோட்ட முதலாளிகளுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்ற தமிழரையும் இதே முன்பண முறை, அங்கே மேஸ்திரியின் இடத்தில் இருந்த கங்காணியின் வடிவில் தொடர்ந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு அவரை மாற்ற உதவிய ‘துண்டு’ என்னும் சீட்டு 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இவ்வுலகை இலக்கியம் தாமதமாகவே எட்டியது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆன நாவல் ஆனைமலைத் தோட்டங்களையும் காட்டின. இரண்டிலும் தீர்ப்பு எழுதும் நீதிபதியைவிடக் கணக்கு எழுதுபவரின் கையே அச்சம் தருவது.

1920-இல் மாஜிஸ்திரேட்டுகளின் விருப்புரிமையை விரிவாக்கித் திருத்தப்பட்ட 13-ஆம் சட்டம், 1925-இல் நிறைவேறிய நீக்கச் சட்டத்தால் 1926 ஏப்ரல் முதல் இல்லாமற்போயிற்று. பல்லக்குத் தூக்கியின் 490-ஆம் பிரிவும், முதலாளியின் செலவில் தொலைவிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் விலகுவதைத் தண்டித்த 492-ஆம் பிரிவும் அதே நீக்கத்தில் போயின. முன்பணம் அதன் பிறகும் மறையவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தபோதுதான், கடனுக்காக ஆளைப் பிடித்துவைப்பவரைச் சிறைக்கு அனுப்பும் ஏற்பாடு நாடு முழுமைக்கும் உருவாயிற்று.