பெயர் சொல்லி நிறுத்துதல்

ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றை அதன் பெயரைச் சொல்லி நிறுத்துவது எளிய காரியமாகத் தோன்றும். யுனிக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றைப் புரட்டினாலோ, அந்த எளிமைக்குப் பின்னால் பெயருக்கும் எண்ணுக்கும் இடையே நெடுநாளையப் பிணக்கு ஒன்று இருப்பதைக் காண்கிறோம்.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ், பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக்கென வளர்ந்தது. ஒரே நிரலைப் பத்துப் பேர் ஒரே வேளையில் இயக்கலாம். பத்துக்கும் பெயர் ஒன்றே. ஆகவே ஓடும் ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தனி எண் வழங்கியது. 'கில்' என்னும் கட்டளை கேட்டது அந்த எண்ணைத்தான். 'கொல்' என்று பொருள்படும் அப்பெயரும் முழு உண்மையன்று. அக்கட்டளை செய்வது ஒரு சைகையை அனுப்புவது மட்டுமே. 15ஆம் சைகை, 'முடித்துக்கொள்' என்னும் வேண்டுகோள்; நிரல் தன் கோப்புகளைச் சேமித்துவிட்டு விடைபெறலாம். 9ஆம் சைகைக்கு மறுப்புக் கிடையாது. இயங்குதளமே நிரலை நீக்கிவிடும்.

எண்களை மனிதர் நினைவில் வைப்பதில்லை. எனவே 'பிஎஸ்' கொண்டு பட்டியலிட்டு, 'கிரெப்' கொண்டு பெயரைத் தேடி, கிடைத்த எண்ணைக் 'கில்' வசம் ஒப்படைப்பது வழக்கமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேடும் பெயரைத் தன் கட்டளை வரியில் சுமந்தபடி 'கிரெப்' நிரலும் ஓடிக்கொண்டிருப்பதால், தேடுபவனே தேடப்படுவோர் பட்டியலில் வந்து நிற்பான். பெயரின் ஓரெழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டு அவனை விலக்கும் உபாயம் கைமாறிக் கைமாறி வந்தது.

லினக்ஸின் 'கில்லால்' இச்சுற்றுவழியைத் தவிர்த்தது. பெயரைக் கொடுத்தால் அப்பெயருடைய அனைத்தையும் அது நிறுத்தும். ஆனால் 'சிஸ்டம் ஃபைவ்' மரபில் வந்த சோலாரிஸ் போன்ற யுனிக்ஸ்களில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே அது கணினியை அணைக்கும் வேளையில், ஓடும் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கானது. லினக்ஸில் பழகிய நிர்வாகி சோலாரிஸ் வழங்கியில் முழு அதிகாரத்துடன் அதைத் தட்டினால், ஒரு நிரலுக்குக் குறிவைத்த ஆணை அங்குள்ள அனைவரது வேலையையும் வீழ்த்திவிடக்கூடும். லினக்ஸின் கையேடே இதனை எச்சரிக்கிறது. அந்தப் பழைய பொருள் லினக்ஸில் 'கில்லால்5' என்னும் தனிப்பெயரில் ஒதுங்கி வாழ்கிறது.

1998இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட சோலாரிஸ் 7, 'பி-கிரெப்', 'பி-கில்' என்னும் இரட்டையரை அறிமுகப்படுத்தியது. முன்னது காட்டும், பின்னது நிறுத்தும். இருவர்க்கும் தேடும் விதி ஒன்றே. லினக்ஸும் பிஎஸ்டி குடும்பமும் பின்னர் இவர்களை ஏற்றுக்கொண்டன. இங்கும் பெயர் வழுக்கும். பெயரின் ஒரு துண்டு பொருந்தினாலே 'பி-கில்' அமைப்பிற்குப் போதும். 'எஸ்ஹெச்' என்ற ஈரெழுத்தைக் கொடுத்தால், அவ்வெழுத்துகளில் முடியும் 'பாஷ்' முதலியனவும் சேர்ந்து வீழும். முழுப்பெயரே பொருந்தவேண்டுமெனில் 'எக்ஸ்' என்னும் விருப்பக்குறியைச் சேர்க்கவேண்டும்.

எண்ணும் நிலையானதன்று. ஒரு நிரல் முடிந்தபின் அதன் எண் வேறொன்றுக்குப் போய்ச் சேரலாம். நாம் பார்த்ததற்கும் ஆணையிட்டதற்கும் இடைப்பட்ட கணத்தில் அது நேர்ந்தால், அடிபடுவது ஒரு புதியவன். எண்ணை நம்பாமல், ஓடும் நிரலையே பற்றிக்கொள்ளும் கைப்பிடி ஒன்றை லினக்ஸ் தந்தது 2019இல்தான்.

நாம் பெயரிட்டு அழைப்பவர்கள்; இயந்திரமோ எண்ணிட்டு அறிவது. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பு நிகழும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நழுவ இடமுண்டு. இலக்கியம் பயில்வோருக்கு இது புதிய செய்தியன்று. பழைய நிர்வாகிகள் முதலில் 'பி-கிரெப்' இட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு, அதன்பின்னரே 'பி-கில்' இடுவது அதனால்தான். நிறுத்தியதை மீண்டும் தொடங்கலாம். சேமிக்காமல் போன பிறர் உழைப்பை மீட்க எந்தக் கட்டளையும் இல்லை.