உம்மாட கேக் கொப்பி

மாம்பழக் காலம் முடியப்போகிறது. எங்கள் வளவில் ஒரு விலாட்டு மரம் நிற்கிறது. இந்த வருடம் காய்த்ததில் அயலுக்கும் கொடுத்து, அணிலுக்கும் வௌவாலுக்கும் போக, கனிந்து போனவைதான் மிச்சம். அதைப் பிசைந்து போன கிழமை ஒரு கேக் அடித்தேன். பாதியைப் பாடசாலைக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்குத் தரம் 10 வகுப்பில் போர்த்துக்கேயர் வருகை பற்றிய பாடம். பாடம் முடிந்து கேக்கைப் பகிர்ந்தபோது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கேக் வெள்ளைக்காரன்ட சாப்பாடுதானே. நம்மட ஆக்கள் இத எப்ப பழகின?"

நல்ல கேள்வி. பதில் சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வாயில் இருக்கும் சொற்களைப் பாருங்கள். பாண், விசுக்கோத்து, போறணை. மூன்றும் போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. அன்னாசி, கொய்யா, பப்பாசி, கஜு என்று நாம் சொல்லும் பெயர்களும் அதே வழியில் வந்தவைதான். பெயர்கள் மட்டுமல்ல, அந்த மரஞ்செடிகளே தென் அமெரிக்காவிலும் அதை அண்டிய நாடுகளிலும் இருந்து கப்பலேறி வந்தவை. இன்று மட்டக்களப்புப் பக்கம் மணலில் காடாக நிற்கும் கஜு மரத்தை யாராவது அந்நிய மரம் என்று சொல்வோமா?

அதேநேரம் நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். நம் கரைகளில் அவர்கள் கேட்ட 'மாங்காய்' என்ற சொல்தான் அவர்கள் வாயில் 'மங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மாங்கோ' ஆனது. ஆக அன்றைய கேக்கில் மாவும் சுடும் முறையும் வந்தவை. பழம் நம்முடையது.

ஆனால் இந்தக் கொடுக்கல் வாங்கல் சந்தோஷமாக நடந்த ஒன்றல்ல. 1505இல் வந்தவர்கள் கரையோர வணிகத்தை முஸ்லிம்களின் கையிலிருந்து பறிக்கவே முயன்றார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து நம் முன்னோரை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஏறத்தாழ 4000 பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான் என்பது நம் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் செய்தி. நம்மைத் துரத்தியவனின் சொல்லை வைத்துத்தான் இன்றும் நாம் காலையில் பாண் கேட்கிறோம். இதை நினைக்கும்போது எனக்கு வெட்கம் வருவதில்லை. ஆச்சரியம்தான் வருகிறது. சண்டை பிடித்தவர்கள் போய்விட்டார்கள், அடுப்படிக்கு வந்தது தங்கிவிட்டது.

ரவை, கஜு, முட்டை, பன்னீர், நீத்துப்பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சி எடுத்த தோசி எல்லாம் சேர்த்துச் சுடும் லவ் கேக் போர்த்துக்கேயர் காலத்தோடு தொடர்புள்ளது என்பார்கள். ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தாருக்கு 'புரூடர்' சுட்டார்கள். 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' வந்தபோது இந்தச் செய்முறைகள் அச்சில் ஏறின. ஆனால் அது ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் புத்தகம். எங்கள் ஊர் மூத்தம்மாமார் எவரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. கூப்பன் வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அப்போது மூத்தம்மாவுக்குப் பத்து வயது. "கோதம்ப மாவ நாங்க கூப்பன்லதான் பழகின" என்று அவ சொல்லுவா. முதலில் ரொட்டி தட்டினார்களாம். பிறகுதான் சட்டிக்குள் வைத்துச் சுடப் பழகியது.

போறணை பேக்கரியில்தான் இருந்தது. வீட்டில் இருந்தது ஒரு பெரிய அலுமினியச் சட்டி. அடியில் கடற்கரை மணல், மணலின் மேல் மூன்று கல், கல்லின் மேல் மாவு ஊற்றிய தட்டு. விறகை இழுத்துவிட்டுக் கீழே தணலை மட்டும் விடவேண்டும். தட்டையான மூடியின் மேலே சிரட்டைத் தணலைப் பரப்பவேண்டும். மேல் தணல் கூடினால் கரியும், குறைந்தால் வெளிறிப்போகும்.

உம்மா இதைக் கற்றுக்கொண்டது எழுபதுகளில். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். விடியுமுன்னமே பாண் கியூ, சங்கக்கடையில் அளந்து தரும் சீனி, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. அந்தக் காலத்தில் கேக்கா என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். "பெருநாள் வரும்தானே மகள். சின்னப் புள்ளைகளுக்கு என்னெண்டு சொல்லுற?" என்றா.

அப்போதுதான் பழம் கேக்குக்குள் வந்தது. சீனி இல்லை, அதனால் கனிந்து கறுத்த கதலிப் பழம் அல்லது மாம்பழம். முட்டை இல்லை, அதனால் எருமைத் தயிரும் அப்பச்சோடாவும். தயிரின் புளிப்பும் பழப் புளிப்பும் சோடாவோடு சேர்ந்தால் வாயு கிளம்பி மாவைத் தூக்கிவிடும். இதை விஞ்ஞான ஆசிரியை எனக்குச் சொல்லித் தந்தா. உம்மாவுக்கு அந்தக் காரணம் தெரியாது, அளவு தெரியும். பட்டருக்குப் பதில் தேங்காய் எண்ணெய். மா போதாவிட்டால் பாதிக்கு வறுத்த அரிசி மா.

இன்றைக்கு யூடியூபில் "முட்டை இல்லாத, சீனி குறைந்த ஆரோக்கியமான பழக் கேக்" என்று போடுகிறார்கள். பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் வீட்டில் அது ஆரோக்கியத்துக்காக வந்ததல்ல. இல்லாமையில் வந்தது.

உம்மாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. கருநீல அட்டை. பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு செய்முறைக்கும் மேலே யாரிடம் கற்றது என்று எழுதியிருப்பா. மூத்தம்மா, மாமி, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு சிங்கள அம்மா, மட்டக்களப்புப் பறங்கி டீச்சர். எங்கள் ஊரின் அடுப்படி வரலாறு அந்தக் கொப்பியில்தான் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் உயிரோடு தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் ஒழுங்கையில் தப்பாதவர்கள் பலர். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் நின்றன. இரண்டு மாதம் கழித்து முகாமில் ஒருநாள் கொப்பியை நினைத்து நான் அழுதேன். உம்மா என்னைப் பார்த்து, "கொப்பிதானே மகள் போன. கை இரிக்கிதானே" என்றா.

அந்தக் கை பிறகு பன்னிரண்டு வருடம் இருந்தது. வரலாறு படித்து, வரலாறு கற்பிக்கும் நான் அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவவுக்குப் பக்கத்தில் பேனையோடு உட்காரவில்லை. பரீட்சைத் தாள், வீட்டு வேலை, பிள்ளைகள், நாளைக்குப் பார்ப்போம். 2016இல் உம்மா மௌத்தானா.

2022இல் அந்தத் தவறு உறைத்தது. காஸ் இல்லை, பால்மா இல்லை, மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. என் மின்சாரப் போறணை சும்மா கிடந்தது. நான் கடற்கரையில் மணல் அள்ளி வந்து சட்டியை அடுப்பில் வைத்தேன். முதல் கேக் மேலே கரி, உள்ளே பச்சை மா.

உம்மா மூடிக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்ப்பா. எவ்வளவு நேரம் பிடிப்பா, எந்த உயரத்தில் பிடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் கவனிக்கவில்லை.

மூன்றாவது கேக் சரிவந்தது. உம்மாட கேக் போல அல்ல, ஆனாலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

ஆகவே மகளே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நம்மட ஆக்கள் கேக்கை ஒரே நாளில் பழகவில்லை. ஒவ்வொரு முறை ஒரு சாமான் இல்லாமல் போனபோதும், வளவில் எது பழுத்திருந்ததோ அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நம்முடையதாக்கினார்கள். அப்படி ஆக்கியவர்களின் பெயர் உன் பாடப் புத்தகத்தில் இல்லை.

அடுத்த கிழமை தரம் 10க்கு வீட்டு வேலை கொடுத்திருக்கிறேன். உம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ ஒரு பலகாரத்தின் செய்முறையைக் கேட்டு எழுதி வரவேண்டும். யாரிடம் கற்றது, எந்தக் காலத்தில், அப்போது என்ன சாமான் தட்டுப்பாடு, அதற்குப் பதில் என்ன போட்டார்கள் என்பதும் வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் அதே வேலைதான். உங்கள் வீட்டில் கொப்பி இருந்தால் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். கொப்பி இல்லாமல் கை மட்டும் இருந்தால், இன்றிரவே பக்கத்தில் போய் உட்காருங்கள்.