அபி: அப்பனில் பிறந்து ஆஸ்தியான சொல்

‘அபி’ என்றதும் ஆங்கிலேயருக்கு இன்று கட்டடம்தான் நினைவுக்கு வரும். வேர்ச்சொல்லோ ஓர் ஆளைக் குறித்தது. அரமேய மொழியில் ‘அப்பா’ என்றால் தந்தை. ஒலி ஒத்திருக்கிறதே என்று நாம் உறவு கொண்டாடிவிடக் கூடாது. மழலை வாய்க்கு எளிதான இத்தகைய சொற்கள், தொடர்பே இல்லாத மொழிகளிலும் தனித்தனியாகப் பிறக்கும்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவிகள் தம் மூத்தோரை அப்படித்தான் அழைத்தார்கள். அது கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் ‘அப்பாஸ்’ என்று மடாதிபதியைக் குறித்தது. அவர் ஆளும் மடம் ‘அப்பாத்தியா’. பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து, நார்மன் வெற்றிக்குப் பின் ஆங்கிலத்தில் அபி ஆயிற்று.

யார்க்‌ஷயரின் ஸ்கெல் ஆற்றங்கரையில் இடிந்து நிற்கும் ஃபவுண்டன்ஸ் அபி, இச்சொல்லின் முழு வரலாற்றையும் காட்டும். யார்க் நகரப் புனித மரியாள் மடத்தில் ஒழுங்கு தளர்ந்ததென்று வெளியேறிய 13 துறவிகளுக்கு, 1132இல் பேராயர் தர்ஸ்டன் தந்த இடம் அது. லத்தீன் ஆவணங்களில் அதன் பெயர் ஊற்றுகளைக் குறிக்கும். சிஸ்டெர்சியன் சபையில் சேர்ந்த அம்மடம் ஆட்டுமந்தைகளாலும் கம்பளி வணிகத்தாலும் கொழித்தது. அதன் தொலைதூரப் பண்ணைகளுக்கு ‘கிரேஞ்ச்’ என்று பெயர்; தானியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது.

8ஆம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல் கடைசி மடாதிபதி மார்மடியூக் பிராட்லி அதை ஒப்படைத்தார். மறு ஆண்டே லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷம் வாங்கினார். பின்னர் அருகில் எழுந்த ஃபவுண்டன்ஸ் ஹால் மாளிகைக்கு மடத்துக் கல் போயிற்று. 1767இல் வில்லியம் ஐஸ்லபி இடிபாட்டை வாங்கித் தம் ஸ்டட்லி ராயல் தோட்டத்தோடு சேர்த்தார்.

அபி இருந்தால் மடாதிபதி இருக்க வேண்டும் என்ற இலக்கணம் அதற்குள் போய்விட்டது. கவிஞர் பைரனின் குடும்ப வீடான நியூஸ்டெட் அபி, துறவிகள் காலத்தில் அபியே அல்ல. அடுத்த படிநிலையான ‘பிரியரி’தான். மாளிகையான பிறகு பெயர் உயர்ந்தது. கிரேஞ்சும் இன்று நாட்டுப்புறப் பெருவீடுகளின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

வேரை மட்டும் பார்ப்பவருக்கு இச்சொல்லில் தந்தை தெரிவார். பத்திரத்தையும் பார்ப்பவருக்கு நிலக்கிழார் தெரிவார். அபியின் பிற்காலப் பொருளை, மடத்து நிலங்களை விலைக்கு வாங்கியவர்களே எழுதினார்கள்.