ஹியூமன் நேச்சர் (நாவல்)

பிபிசியின் காலப்பயணத் தொடரான ‘டாக்டர் ஹூ’வை ஒட்டி பால் கார்னெல் எழுதி, 1995இல் வர்ஜின் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில அறிவியல் புனைவு நாவல். தொடர் 1989இல் நின்றுபோன பின், அதன் கதையை இத்தகைய நாவல்களே வளர்த்துவந்தன. காதலனை இழந்த தோழி பெர்னிஸின் துயரத்தை உணர விரும்பும் தொடரின் நாயகனான வேற்றுலகவாசி டாக்டர், தன் நினைவுகளைக் களைந்து மனிதராகிறார். 1914இல், உலகப்போருக்குச் சற்று முன், இங்கிலாந்தின் பள்ளியொன்றில் ஜான் ஸ்மித் என்ற ஆசிரியராக வாழ்ந்து, ஜோன் என்ற ஆசிரியையைக் காதலிக்கிறார். மீண்டும் டாக்டராக வேண்டுமானால் ஸ்மித் அழிய வேண்டும். நாவலின் வலிமை இந்த இழப்பில்தான் இருக்கிறது. வாசகர்கள் இதை வர்ஜினின் ‘நியூ அட்வென்ச்சர்ஸ்’ நாவல் வரிசையின் மிகச் சிறந்த நூல்களில் ஒன்றாகக் கொண்டாடினர். தொடர் மீண்டும் தொடங்கிய பின், 2007இல் கார்னெலே இதை டேவிட் டெனன்ட் டாக்டராக நடித்த இரு தொலைக்காட்சிப் பகுதிகளாக மாற்றி எழுதினார். அவற்றில் டாக்டர் மனிதராவது பகைவரிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக. அப்பகுதிகள் 2008இல் ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன.